எனக்கும் என் நாய்க்கும் ஒரே கண்

என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கே தெரியாத விஷயம் இது. எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது. பிள்ளைகளின் நோட்டில் நான் திருத்தும் சிவப்புப் பேனா என் கண்ணுக்கு ஒருவிதமான அழுக்குப் பழுப்பு. மூடியில் 'சி' என்று எழுதி ஒட்டிக் கொடுப்பது என் மனைவி. அது என் பெயரின் முதலெழுத்து என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை.

மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறேன். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் இந்தத் தீவில் வீட்டுக்கு வீடு உண்டு, அதைப் பேசி என்ன ஆகப்போகிறது? நிறக்குருடு என்றால்தான் ஆட்கள் சுவாரசியமாகிறார்கள். உடனே கையில் கிடைத்ததைத் தூக்கி, "சரி, இது என்ன நிறம்?" என்று கேட்பார்கள். இத்தனை நாள் வாயைத் திறக்காததற்கு இந்தக் கேள்விதான் காரணம்.

விழித்திரையில் நிறம் பிரிக்கும் கூம்பு செல்கள் மூன்று வகை. அவற்றில் பச்சைக்கு உரியது எனக்கு இல்லை. பிறவியிலேயே அப்படி. வலி இல்லை, மருந்தும் இல்லை. ஒரு வேலைக்கான மருத்துவச் சோதனையில்தான் இது வெளிப்பட்டது. புள்ளி புள்ளியாக வட்டங்கள் போட்ட இஷிஹாரா புத்தகத்தை டாக்டர் விரித்தார். ஜப்பானியக் கண் மருத்துவர் ஒருவர் 1917-ல் வெளியிட்டது, இன்றும் உலகம் முழுக்க அதுதான் ஓடுகிறது. முதல் பக்கத்தில் 12. அது எல்லாருக்கும் தெரியும். அடுத்த பக்கத்தில் மற்றவர்களுக்கு 8 தெரியுமாம். நான் மிகுந்த நம்பிக்கையோடு மூன்று என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனுக்கும் என் வகைதான். 1794-ல் தன் பார்வையைப் பற்றி அவரே கட்டுரை வாசித்தார். இறந்த பிறகு தன் கண்ணை ஆராயச் சொல்லியிருந்தார். பாதுகாத்து வைத்திருந்த அந்தக் கண்ணிலிருந்து 1995-ல் டிஎன்ஏ எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். பள்ளியில் வேதியியல் எனக்கு எட்டிக்காய். ஆனாலும் அந்த மனிதர்மேல் ஒரு சொந்தக்காரப் பாசம் வந்துவிட்டது.

இது அம்மா வழியாக மகனுக்கு வரும். அம்மாவுக்குப் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இருக்காது. என் அம்மாவின் அப்பாவுக்கும் இருந்திருக்க வேண்டும் என்பது என் சந்தேகம். டிசம்பரில் லிச்சி பறிக்கும்போது தாத்தா பழத்தைப் பார்க்கவே மாட்டார், கட்டை விரலால் தடவுவார். காயாக இருந்தால் தோலின் முள் குத்தும். பழுத்தால் முள் மழுங்கித் தட்டையாகிவிடும். "தாத்தா கைராசி" என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். நானும் விரலால்தான் பறிக்கிறேன். இலைக்குள் பழம் எங்கே இருக்கிறது என்று காட்டத்தான் எனக்கு ஆள் வேண்டும்.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு வாழ மொரீஷியஸைவிட மோசமான இடம் கிடையாது. கொடியில் நாலு பட்டை: சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. எனக்கு மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் மண் நிறத்தில் அண்ணன் தம்பி. சுதந்திர தினமான மார்ச் 12-க்குப் பிள்ளைகள் கொடி வரைந்து கொண்டுவந்தால், வரிசை சரியா என்று பக்கத்துப் பையனைக் கேட்டுத்தான் மதிப்பெண் போடுகிறேன். சாமரெல் போனால் 'ஏழு வண்ண மண்' என்று டிக்கெட் வாங்கிக் காட்டுகிறார்கள். எரிமலைப் பாறை சிதைந்து உண்டான மண்மேடு. எனக்கு மூன்று வண்ணம் தேறும். டிக்கெட்டில் தள்ளுபடி கேட்கலாமா என்று மனைவியிடம் கேட்டேன். வாயை மூடச் சொன்னாள்.

தைப்பூசக் காவடி இன்னும் வேடிக்கை. கத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைச் சரிவில் இருக்கும் முருகன் கோவிலுக்குக் கூட்டம் ஏறும்போது அடர் ரோஸ் நிறம் கடலாகப் பொங்கும் என்பார்கள். எனக்கு அது நீலம் கலந்த சாம்பல். சாம்பல் என்றாலும் விபூதி நிறம்தானே, முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

இப்போது டைகருக்கு வருகிறேன். தெருவில் கிடைத்த நாய். நாய்களுக்கு நிறமே தெரியாது என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அது தப்பு. அவற்றுக்குக் கூம்பு செல்கள் இரண்டு வகை உண்டு. நீலமும் மஞ்சளும் தெரியும், சிவப்பும் பச்சையும் குழம்பும். அதாவது ஏறக்குறைய நான். என் மகள் ஆசையாக வாங்கிவந்த சிவப்புப் பந்தைப் புல்லில் எறிந்தால் இரண்டு பேரும் திருதிருவென்று முழிப்போம். அவனுக்கு மூக்கு இருக்கிறது, கண்டுபிடித்துவிடுவான். எனக்கு அதுவும் இல்லை. நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு யோசனை: நீலப் பந்து வாங்குங்கள். கடையில் சிவப்பும் ஆரஞ்சும் குவித்து வைத்திருப்பது வாங்குகிற நம் கண்ணுக்காக. டைகர் என்று பெயர் வைத்த பிறகு படித்தேன், மான்களுக்கும் கண் இப்படித்தானாம். காட்டில் புலியின் ஆரஞ்சு நிறம் அவற்றுக்கு இலையோடு இலையாகக் கலந்துவிடும். பாவம்.

கடைசியாக, ஸ்டாம்ப். இந்தக் கண்ணோடு ஸ்டாம்ப் சேர்ப்பது கொஞ்சம் திமிர்தான். அதுவும் 1847-ல் அச்சான உலகப் புகழ்பெற்ற இரண்டு ஸ்டாம்புகள் பிறந்த நாட்டில். ஒன்று ஆரஞ்சு கலந்த சிவப்பு, ஒரு பென்னி. மற்றது நீலம், இரண்டு பென்ஸ். ஒவ்வொன்றிலும் ஐந்நூறுதான் அடித்தார்கள். 1993-ல் இங்குள்ள நிறுவனங்கள் சேர்ந்து ஒரு ஜோடியை வாங்கி வந்தன. போர்ட் லூயிஸ் துறைமுக ஓரத்தில் புளூ பென்னி மியூசியத்தில் இருக்கின்றன. நிறம் மங்காமல் இருக்க, அசல் மீது கொஞ்ச நேரம்தான் விளக்குப் போடுவார்கள். எல்லாரும் முண்டியடித்து இரண்டையும் பார்ப்பார்கள். நான் நீலத்தின் முன்னால் மட்டும் நிற்பேன்.

சேகரிப்பவர்கள் ஒரே ஸ்டாம்பில் நாலைந்து சிவப்பு பார்ப்பார்கள், விலையும் அதற்கேற்ப ஏறும். அந்த ஆட்டத்தில் எனக்கு இடமில்லை. அதனால் நான் சேர்ப்பது ஸ்டாம்பின் மேல் விழுந்த தபால் ஆபீஸ் முத்திரையை. முத்திரை கறுப்பு மை. பழைய நாளில் மொரீஷியஸின் முத்திரை எண் பி53 (B53). சீஷெல்ஸ் தீவுகளில் 1890 வரை எங்கள் ஸ்டாம்புகளையே பயன்படுத்தினார்கள், அங்கே குத்தியது பி64 (B64). ஒரே ஸ்டாம்ப்தான், எண்ணை வைத்து எந்தக் கடல் தாண்டியது என்று சொல்லிவிடலாம். லென்ஸை வைத்துக்கொண்டு பாதி அழிந்த எண்ணைப் படிப்பதில் மணிக்கணக்கில் உட்காருவேன். காலடியில் டைகர்.

பி53 என்னிடம் நிறைய இருக்கிறது. பி64 இன்னும் கிடைக்கவில்லை. யாரிடமாவது கூடுதலாக ஒன்று இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம். ஸ்டாம்ப் எந்த நிறமாக இருந்தாலும் பரவாயில்லை.