கோபால்ட் கல்குவியலில் வெள்ளி தேடல்

ஜூன் 12, 2025, வியாழன்

இன்று முழுக்க வரைபட வேலை. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் சுரங்க உரிமைகள் 2018 முதல் இணையத்திலேயே பதிவாகின்றன. போகும் இடத்தைப் பெரிதாக்கினால் உரிமைக் கட்டங்கள் தெரியும். கட்டம் இல்லையென்றால் அரசு நிலம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1903-இல் வெள்ளி கிடைத்ததிலிருந்தே கோபால்ட் ஊரைச் சுற்றிப் பட்டா நிலம் ஏராளம். உரிமையாளர் சம்மதிக்காமல் அங்கே ஒரு கல்லும் எடுக்கலாகாது. பார்த்த மூன்று இடங்களில் ஒன்றுதான் தேறியது.

ஜூன் 14, சனி

பழைய சுரங்கக் கழிவுக் குவியல். முதலில் தேட வேண்டியது இளஞ்சிவப்புப் பூச்சு: கோபால்ட் ஆர்சனைடு (கோபால்ட்டும் ஆர்சனிக் என்ற நச்சுத் தனிமமும் சேர்ந்த கனிமம்) வெயில் மழையில் சிதைந்து உண்டாகும் எரித்ரைட். அது வெள்ளி அல்ல. ஆனால் இரண்டும் பாறைக்குள் ஓடும் ஒரே கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) நரம்புகளில் கிடக்கும். வெள்ளியோ கறுத்துப்போய்க் கரி அப்பியதுபோல் இருக்கும். கண்ணை நம்பினால் தாண்டிப் போய்விடுவோம்.

மெட்டல் டிடெக்டரில் இரும்பை ஒதுக்கும் வடிகட்டியை அணைத்தே வைக்க வேண்டும். கல்லுக்குள் இலை இலையாகப் பரவிய வெள்ளி, நாணயத்துக்குத் திரையில் வரும் உயர்ந்த எண்ணைக் காட்டாது. இந்த ஊர் வெள்ளியில் ஆன்டிமனியும் பாதரசமும் கலந்திருப்பதும் எண்ணைக் கீழே இழுக்கும். வடிகட்டியைப் போட்டால் நல்ல கல்லும் ஆணியோடு போய்விடும். அதற்குக் கொடுத்த விலை: 14 குழிகளில் 11-இல் ஆணி, கம்பி, துளைக்கம்பித் துண்டு. வெடித்திரி முனைபோல் ஏதாவது தென்பட்டால் தொடாமல் விலகிவிட வேண்டும். வேலி போட்ட பள்ளங்களை நெருங்கவே கூடாது. அடியில் வெற்றறை, மேலே மெல்லிய பாறைதான்.

ஜூன் 15, ஞாயிறு

கைப்பிடி அளவுக் கல் ஒன்றுக்கு டிடெக்டர் நல்ல சத்தம் கொடுத்தது. ஓரத்தில் கறுப்புக் கீற்று. கத்தி முனையால் கீறினால் வெள்ளி வழுக்கிக் கொடுக்கும். கீறல் பளீரென்று வெளுக்கும், தூள் உதிராது. ஆர்சனைடு என்றால் கத்தியே ஏறாது. இந்தக் கல்லில் கீறல் வெளுத்தது, ஓரம் மடங்கியது. கையுறை கட்டாயம். குவியலில் ஆர்சனிக் இருப்பதால் அங்கே சாப்பிடவோ, தூசியை ஊதவோ, பக்கத்துக் குட்டை நீரைக் குடிக்கவோ கூடாது. கல்லைச் சூடாக்கிப் பார்ப்பது அறவே வேண்டாம்.

ஜூன் 17, செவ்வாய்

எடை. காற்றில் 212 கிராம். மெல்லிய நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டால் 158. வித்தியாசம் 54 கிராம்; ஒரு கிராம் நீர் ஒரு கன செ.மீ. என்பதால் கல்லின் கன அளவு 54 கன செ.மீ. அத்தனையும் கால்சைட் (அடர்த்தி 2.71) என்றால் 146 கிராம்தான் வர வேண்டும்; 66 கூடுதல். ஒரு கன செ.மீ. கால்சைட்டின் இடத்தில் வெள்ளி (10.5) உட்கார்ந்தால் 7.8 கிராம் ஏறும். ஆக வெள்ளி ஏறக்குறைய 8.5 கன செ.மீ., 89 கிராம். ஆர்சனைடும் கனம் என்பதால் இது மேல் வரம்பு மட்டுமே. சரியாக இதுதான் என்று யாரிடமும் சொல்லக் கூடாது.

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கால்சைட்டைக் கரைத்து வெள்ளியை விட்டுவைக்கும், உண்மைதான். கூடவே எரித்ரைட்டும் கரைந்து நீரில் ஆர்சனிக் சேரும். தண்ணீரும் மென்மையான பல் துலக்கியும் போதும். கறுத்த வெள்ளி நகைக்குச் செய்யும் அலுமினியத் தாள், சமையல் சோடா வைத்தியம் இங்கே ஆகாது. ஆர்சைன் என்ற நச்சு வாயு கிளம்ப வழியுண்டு. கழுவிய கல்லோடு இடம், தேதி எழுதிய சீட்டு ஒன்றும் பெட்டிக்குள் போனது.