மாரடைப்புக்குப் பின் அப்பாவின் வெள்ளையணுக்கள்

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த மறுநாள் வந்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்கள் 14,000ஐத் தாண்டியிருந்தன. 11,000 வரைதான் இயல்பு. லேசான காய்ச்சலும் இருந்தது. கிருமித்தொற்றுதான் என்று அண்ணன் பதறிப்போய், ஆன்டிபயாட்டிக் ஏன் போடவில்லை என்று செவிலியரிடம் கேட்டான்.

இதயநோய் மருத்துவர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். தொற்றுக்கான அடையாளம் எதுவும் இல்லை. ரத்தம் கிடைக்காமல் மடிந்த இதயத்தசையை அப்புறப்படுத்தவே இந்த அணுக்கள் திரண்டிருக்கின்றன என்றார். அவர் சொன்னதை அன்றிரவே நோட்டில் எழுதி வைத்தேன். முதலில் வருபவை நியூட்ரோஃபில்கள் என்ற வகை வெள்ளையணுக்கள். சில மணி நேரத்திலேயே வந்து, ஓரிரு நாளில் உச்சத்தை எட்டுகின்றன. அவை கக்கும் நொதிகள் மடிந்த திசுவைக் கரைக்கும். அளவு மீறினால் பக்கத்தில் பிழைத்திருக்கும் தசையையும் விட்டுவைக்காது. பின்னாலேயே மோனோசைட்டுகள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் எலும்பு மஜ்ஜையிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் கிளம்புகின்றன. மண்ணீரலில் இவற்றுக்கு ஒரு சேமிப்பே இருப்பது 2009இல்தான், எலிகளில் நடந்த ஆய்வில் வெளிப்பட்டது. இதயத்துக்குள் புகுந்ததும் மேக்ரோஃபேஜ்களாக மாறிச் சிதைவுகளை விழுங்குகின்றன. சில நாட்கள் கழித்துக் குணம் மாறி, வடுத் திசு உருவாகத் தூண்டுகின்றன. அழிக்க வந்த கூட்டத்திலிருந்தே ஆற்றுகிறவையும் வருகின்றன என்பது எனக்குப் பெரிய வியப்பு.

கவலை தந்தது முதல் வாரம்தான். பழைய தசை கரைந்திருக்கும், வடு இன்னும் இறுகியிருக்காது. அபூர்வமாக இதயச்சுவர் கிழிவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். பிசியோதெரபிஸ்ட் சொன்ன அளவுக்குமேல் ஓர் அடிகூட அப்பாவை நாங்கள் நடக்கவிடவில்லை. அவர் எரிந்து விழுந்தார், பொறுத்துக்கொண்டோம்.

வீடு திரும்பியதும் வேறொரு சோதனை. அப்பாவுக்கு நெடுநாள் மூட்டுவலி. டைக்ளோஃபினாக் மாத்திரை கேட்டார். மருத்துவர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். மாரடைப்பு வந்தவர்களுக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை மறுபடியும் அடைப்பு வரும் ஆபத்தைக் கூட்டும். வடு இறுகுவதையும் கெடுக்கலாம். வெள்ளையணுக்கள் இப்படித் திரண்டு வேலை செய்வதை, அதாவது அழற்சியை, ஒரேயடியாக அடக்கினால் நல்லது என்று எண்ணி 1970களில் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார்கள்; நன்மைக்குப் பதில் கெடுதலே தெரிந்ததால் கைவிட்டார்கள். அழற்சியைத் தணிக்கும் கோல்சிசின் என்ற மருந்து பற்றியும் கேட்டேன். 2019இல் வெளியான ஆய்வில் தினம் அரை மில்லிகிராம் பலன் தந்தது, 2024இல் வந்த பெரிய ஆய்வில் தரவில்லை. அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் சாப்பிட வேண்டிய மாத்திரைகள் மட்டுமே வரிசையாக இருந்தன. தொடக்கூடாத வலி மாத்திரைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. கடையில் கேட்டவுடன் கையில் கிடைக்கும் மாத்திரைக்கு அந்த ஒரு வரி அவசியம் என்று அங்கே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்பாவின் கோப்பு அட்டையில் அவற்றின் பெயர்களைச் சிவப்பு மையில் நானே எழுதி ஒட்டினேன். மூட்டுக்கு இப்போது மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமாலும் வெந்நீர் ஒத்தடமும்தான்.