வரிசையில் நிற்காத சீட்டு

பார்சிலோனா, 2024 அக்டோபர் 3, வியாழன்

இந்த வருடம் கொலு வைக்கவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் இது இரண்டாவது முறை. முதல் முறை என் அப்பா இறந்த வருடம். காலையில் எழுந்ததும் மனைவி அதைத்தான் சொன்னாள். பிறகு பேரனுக்குத் தோசை வார்க்கப் போய்விட்டாள்.

மருத்துவமனை அழைப்புக்குக் காத்திருந்து ஆறு நாள் ஆகிறது. பெரியவள் பத்து நாள் ஆகலாம் என்கிறாள். மாப்பிள்ளை இரண்டு வாரம் என்கிறார். இரண்டு பேரும் எங்கே விசாரித்தார்கள் என்று கேட்கவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

சக்ரதா ஃபமீலியா தேவாலயத்துச் சீட்டு விஷயம் மறுபடி வந்தது. ஜூலையிலேயே வாங்கியது. 9ஆம் தேதி, மாலை நான்கு மணி, இரண்டு பேர், வழிகாட்டியோடு, ‘வரிசையில் நிற்காமல்’. நூறு யூரோவுக்கு மேல். ரத்துசெய்தால் ஒரு காசு திரும்பாது. பெரியவள், "பரவாயில்லை அப்பா, விட்டுவிடலாம்" என்றாள். நானும் விட்டுவிடலாம் என்றுதான் சொல்ல வாய் எடுத்தேன்.

"போகலாம்" என்றாள் இவள், கீரையை ஆய்ந்துகொண்டே. "காசு கொடுத்தாயிற்று."

மாப்பிள்ளை வாங்கிவந்த கைத்தடி கதவோரத்தில் சாய்ந்து நிற்கிறது. விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

அக்டோபர் 5, சனி

சனி ஞாயிறு அழைக்கமாட்டார்கள் என்று தெரியும். தெரிந்தும் பெரியவளின் கைபேசியை நான்கு முறை எடுத்துப் பார்த்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

பால்கனியின் இடது ஓரத்துக்குப் போய்க் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் அந்தக் கோயில் தெரிகிறது. கோபுரங்கள், அவற்றுக்கு மேலே கிரேன்கள். காலைக் காப்பியோடு அரைமணி நேரம் அங்கேயே நின்றேன். கிரேன் ஓடவில்லை, ஞாயிறு அல்லவா.

1882 மார்ச் 19இல் அடிக்கல். அடுத்த வருடமே முதல் கட்டடக்கலைஞர் விலக, கௌடி பொறுப்பேற்கிறார். 1926இல் அவர் சாகும்போது இயேசுவின் பிறப்பைக் காட்டும் முகப்பின் நான்கு மணிக்கோபுரங்களில் ஒன்றுதான் முடிந்திருந்தது. நூற்று நாற்பத்திரண்டு வருடமாக நடக்கும் வேலை. இதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. முறையான கட்டட அனுமதி 2019இல்தான் கிடைத்தது. 1885இல் கௌடி போட்ட மனுவுக்குப் பதிலே வரவில்லையாம். பொதுப்பணித் துறையில் முப்பத்தொரு வருடம் கோப்புகளைத் தள்ளியவன் நான். இந்த ஒரு செய்திக்காகவே அந்த ஆளைக் கும்பிடலாம் போலிருக்கிறது.

பேரனிடம் சொன்னேன். அவன், "தாத்தா, நம் பாளையங்கோட்டை வீட்டிலும்தான் மேலே கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது" என்றான்.

நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. 2002இல் தளம் போட்டபோது ஆறு தூணுக்கும் கம்பியை மூன்று அடி விட்டேன், பின்னால் மாடி எடுக்க. துருப்பிடிக்காமல் சிமெண்டுப் பால் அடித்து, மேலே பிளாஸ்டிக் பாட்டில்களைக் கவிழ்த்தேன். பாட்டில்கள் மூன்று தலைமுறை மாறிவிட்டன. கம்பியை வெட்டச் சொல்லி அவள் கேட்காத பொங்கல் கிடையாது. துணி கிழிகிறது, காக்காய் உட்காருகிறது, பார்க்க நன்றாக இல்லை. வெட்டிவிட்டால் மாடி கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது மாதிரி. அதனால் வெட்டவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

கோபமாக வருகிறது. எல்லாவற்றின் மீதும். இந்த ஊர் லிஃப்ட் கதவின் மீது. ஒன்பது மணிவரை விடியாத மாதிரி இருக்கும் வானத்தின் மீது. பெரியவள் அழைத்துக் கேட்டிருக்கிறாள், "வரிசைப்படிதான் பார்ப்போம்" என்று பதில். வரிசை. இதற்கு ஒரு சிறப்பு வழி இல்லையா? திருச்செந்தூரில் உண்டு. எங்கே பணம் கட்டவேண்டும், சொல்லுங்கள், கட்டுகிறேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

ரசத்தில் உப்பு இல்லை. ஒருவரும் சொல்லவில்லை.

அக்டோபர் 9, புதன்

இரவு பதினொன்றே கால். அவள் தூங்கிவிட்டாள். எழுதிவிடுகிறேன், நாளைக்கு மறந்துவிடும்.

கைத்தடியை எடுத்துக்கொள்ளவில்லை. க்ளோட் நிலையத்திலிருந்து ஊதா நிற மெட்ரோவில் இரண்டே நிறுத்தம். படியேறி வெளியே வந்து நிமிர்ந்தால் கண்ணுக்கு முன்னால் கல். அவள், "அம்மாடி" என்றாள். பிறகு மூச்சு வாங்க நின்றாள். நான் கோபுரத்தைப் பார்ப்பதுபோல் நின்றேன்.

வரிசையில் நிற்காத சீட்டு வைத்திருந்த நாங்கள் வரிசையில் நின்ற நேரம் முப்பத்தைந்து நிமிடம். முதலில் அந்த நிறுவனத்தின் ஆள் வரவேண்டும், பிறகு பெயர் பார்க்கவேண்டும், பிறகு காதுக்கருவி கொடுக்கவேண்டும், பிறகு பாதுகாப்புச் சோதனை. அங்கே வைத்துத்தான் விவரம் தெரிந்தது. இந்தக் கோயிலுக்கு எல்லாச் சீட்டுமே நேரம் குறித்து இணையத்தில்தான் விற்கிறார்கள். சீட்டு வாங்க வரிசை என்று ஒன்றே கிடையாது. இல்லாத வரிசையைத் தாண்டி விடுவதற்குக் கூடுதல் காசு வாங்கியிருக்கிறார்கள். இருக்கிற வரிசையான சோதனை வரிசையை எவனும் தாண்டமுடியாது. இடுப்புவாரைக் கழற்றித் தட்டில் வைத்தேன். அவள் வளையல்களைக் கழற்றாமல் நின்றாள். காவலர் பெண் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

வழிகாட்டி இருபத்தைந்து வயதுப் பெண். பச்சைக் குடை. நல்ல ஆங்கிலம், கொஞ்சம் வேகம். பிறப்பு முகப்பின் கீழே எங்களை நிறுத்தி ஆரம்பித்தாள். இயேசு பிறந்த காட்சி, இடையர்கள், ராஜாக்கள், இசைக்கும் தேவதைகள். தேவதைகளைச் செதுக்கியவர் எட்சுரோ சோதோ என்ற ஜப்பானியர். உச்சியில் பச்சை சைப்ரஸ் மரம், அதில் வெள்ளைப் புறாக்கள். இடைவெளி என்று ஒரு சாண் விடவில்லை, அத்தனையும் பொம்மை.

"கொலு" என்றாள் இவள்.

காதுக்கருவியில் அந்தப் பெண் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், நான் கவனிக்கவில்லை. இவள் விரலால் படிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். மேலே சாமி, நடுவே ஜனங்கள், கீழே ஜீவராசிகள். "ஆமை எங்கே இருக்கவேண்டுமோ அங்கே இருக்கிறது, பாருங்கள்." உண்மையிலேயே இருந்தது. இரண்டு தூண்கள், இரண்டின் அடியிலும் ஆளுக்கொரு ஆமை முதுகு கொடுத்துத் தாங்குகிறது. கடல் பக்கத்துத் தூணுக்குக் கடலாமை, மலைப் பக்கத்துத் தூணுக்கு நிலத்து ஆமை. இந்த ஊர்க்காரர்கள் வழி சொல்வதே கடல் பக்கம், மலைப் பக்கம் என்றுதான். தூத்துக்குடியில் பிறந்தவள் கடலாமைப் பக்கம் போய் நின்றுகொண்டாள். படம் எடுத்தேன். முகம் வீங்கியிருப்பது படத்தில்தான் தெரிந்தது.

உள்ளே போனதும் நான் ஆள் மாறிவிட்டேன். அதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

தூண்கள். இத்தனை வருடமாகப் படத்தில் பார்த்ததெல்லாம் வீண். அடியில் நட்சத்திர வடிவம். ஏற ஏற வலப்புறம் ஒரு முறுக்கு, இடப்புறம் ஒரு முறுக்கு, இரண்டும் வெட்டிக்கொண்டு பட்டைகள் பெருகி, மேலே போகையில் வட்டமாகிவிடுகிறது. அப்புறம் ஒரு கணு. கணுவிலிருந்து கிளை. நடுக்கூடத்தின் கூரை 45 மீட்டர் உயரத்தில். பாரம் எந்தச் சாய்வில் இறங்குகிறதோ அதே சாய்வில் தூணும் சாய்ந்திருப்பதால் வெளியே முட்டுச்சுவர் வேண்டியதில்லை. பழைய கோதிக் கோயில்களின் முட்டுச்சுவர்களை கௌடி ஊன்றுகோல் என்று கேலி செய்வாராம். அந்தப் பெண் அதைச் சொன்னபோது எனக்குக் கதவோரத்துக் கைத்தடிதான் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் பார்க்கத் துணியவில்லை.

பாரத்துக்கு ஏற்றபடி கல். வெளி வரிசைக்கு மணற்கல், பிறகு கருங்கல், பிறகு பசால்ட், நடு நான்குக்கும் சிவப்புப் பொர்ஃபிரி. அந்த நான்கின் தலையில்தான் இப்போது இயேசுவின் கோபுரம் ஏறிக்கொண்டிருக்கிறது. முடியும்போது 172.5 மீட்டர். இந்த ஊர் மொன்ஜூயிக் மலையைவிட ஒரு பிடி குறைவாக இருக்கவேண்டும் என்பது கௌடியின் கணக்கு, மனிதன் கட்டியது கடவுள் கட்டியதைத் தாண்டக்கூடாது என்று. கல் பலகைகளுக்குள் எஃகுக் கம்பியை விட்டு இழுத்து முறுக்கி, வேறு இடத்தில் தயாரித்துக் கொண்டுவந்து கிரேனில் அடுக்குகிறார்கள். கல்லுக்குள் கம்பி! இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் சந்தோஷப்பட்டாள், இதுவரை யாரும் கேட்டதில்லையாம். நான் அடுத்த கேள்வி கேட்டேன்.

அப்போது காதில், கௌடி இறந்த கதை. 1926 ஜூன் 7, டிராம் மோதிவிட்டது. கந்தல் சட்டை, பையில் அடையாளச் சீட்டு இல்லை. பிச்சைக்காரர் என்று நினைத்து ஏழைகளின் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். மூன்றாவது நாள் போய்விட்டார்.

இதை அவள் கேட்டிருக்கக்கூடாது என்று திரும்பினேன். அவள் இல்லை.

இருபது பேர் கூட்டம், அதில் இல்லை. பின்னால் தேடிப் போகிறேன். போகப் போகக் காதில் அந்தப் பெண்ணின் குரல் உடைகிறது. "மருத்துவமனை..." என்றது. "அவரைத் தெரிந்தவர்கள்..." என்றது. பிறகு இரைச்சல். பிறகு ஒன்றுமில்லை. கருவிக்கு அவ்வளவு தூரம்தான். கழற்றினால் ஆயிரம் பேர் மூச்சுவிடும் சத்தம். மஞ்சள் சேலை, மஞ்சள் சேலை என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு ஓடினேன். அறுபத்தேழு வயதில் தேவாலயத்துக்குள் ஓடியவனை எல்லோரும் பார்த்தார்கள்.

மேற்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கத்துச் சன்னல்களெல்லாம் சிவப்பும் ஆரஞ்சும், எதிர்ப்பக்கம் நீலமும் பச்சையும். ஐந்து மணி வெயில் கண்ணாடி வழியாக இறங்கி அவள்மேல் முழுசாக விழுந்திருந்தது. காதுக்கருவியைச் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். உள்ளங்கையை விரித்து அதில் விழும் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மருதாணி வைத்த மாதிரி இருக்கிறது" என்றாள்.

ஏன் சொல்லாமல் வந்தாய் என்று கத்தத்தான் வாய் திறந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். கூட்டம் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. பச்சைக் குடை மறுபக்கக் கதவு வழியாக வெளியேறுவதை இங்கிருந்தே பார்த்தேன். அங்கே சுபிராக்ஸ் என்ற சிற்பி செதுக்கிய, இயேசுவின் பாடுகளின் முகப்பு இருக்கிறது, எப்படிக் கூட்டினாலும் 33 வரும் எண் கட்டம் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் நான் ஜூலையிலிருந்து காத்திருந்தேன். பார்க்கவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் அவள், "கும்பிடவே இல்லையே" என்றாள். சீட்டில்லாமல் மறுபடி விடமாட்டார்கள் என்றேன். அவள் கேட்கவில்லை. சார்டென்யா தெருப் பக்கம் ஒரு வயதான அம்மாள் படியிறங்கிப் போவதைப் பார்த்து அவர் பின்னாலேயே போய்விட்டாள்.

அது நிலவறைக் கோயில். இந்தப் பகுதி மக்களின் பங்குக் கோயில் அதுதான், தினமும் பூசை நடக்கிறது. சீட்டில்லை, சோதனையில்லை, ஏழெட்டுப் பேர் முழங்காலில். தலைக்கு மேலே அத்தனை யூரோ நடந்துகொண்டிருக்கிறது, கீழே மெழுகுவர்த்தி வாசனை. கௌடியின் கல்லறை அங்கேதான், கார்மேல் மாதா சன்னதியில். 1936இல் உள்நாட்டுப் போர் வெடித்தபோது இதே நிலவறைக்குத் தீ வைத்து, அவர் செய்துவைத்திருந்த பிளாஸ்டர் மாதிரிகளையும் உடைத்துப் போட்டார்கள். பின்னால் வந்தவர்கள் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டித்தான் அவர் என்ன நினைத்தார் என்று கண்டுபிடித்தார்கள்.

அவள் கால்மணி நேரம் கண்மூடி நின்றாள். என்ன கேட்டாள் என்று நானும் கேட்கவில்லை. படியேறும்போது, "கைத்தடியைக் கொண்டுவந்திருக்கலாம்" என்றாள்.

அழைப்பு இல்லை.

அக்டோபர் 11, வெள்ளி

சரஸ்வதி பூஜை. பேரனின் பள்ளிப் பை, பெரியவளின் மடிக்கணினி, மாப்பிள்ளையின் ஸ்பானிய அகராதி. எல்லாவற்றுக்கும் சந்தனம். பொரி கிடைக்கவில்லை, சோளப்பொரி வைத்தாள். என் தூக்குக்குண்டும் ரசமட்டமும் ஊரில். "உங்களுக்கு வைக்க ஒன்றுமில்லையே" என்றாள். இந்த நோட்டை வைத்தேன். அட்டையில் குங்குமம் ஒட்டியிருக்கிறது.

அக்டோபர் 12, சனி

இங்கே தேசிய விடுமுறை. அதனால் இன்றும் இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

கொத்தனாரை அழைத்தேன். ஊரில் மழையாம். ஆறு தூண் கம்பியையும் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். வெட்டவா என்று கேட்டார். துரு எவ்வளவு என்று மட்டும் பாருங்கள் என்றேன். அவள் உள்ளே இருந்து, "யாரிடம் பேசுகிறீர்கள்?" என்றாள். ஒரு நண்பர் என்றேன்.

கைத்தடியின் விலைச்சீட்டு கிழிக்கப்பட்டிருக்கிறது. நான் கிழிக்கவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

காலை ஒன்பது நாற்பது. பெரியவளின் கைபேசி ஒலித்தது. எண்ணைப் பார்த்துவிட்டு எழுந்தாள். ஸ்பானிய மொழியில் பேசிக்கொண்டே பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். முதுகுதான் தெரிகிறது. இவள் பேரனுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறாள், வகிடு நேராக வரவில்லை என்று மறுபடி