இப்பதான் எடுத்தோம்

எங்கள் அடுக்ககத்தில் எனக்குக் கார் நிறுத்த இடம் கிடையாது. வாங்கினால் தெருவில் வேப்பமரத்தடியில்தான் நிற்கும். மாதத்தில் இரண்டு நாள் நான் ஓட்டுவேன், மீதி நாளெல்லாம் காக்கை உட்காரும், தவணையை மட்டும் முழு மாதத்துக்கும் நானே கட்ட வேண்டும். அதனால், தேவைப்படும் நாளில் மட்டும் ஆப்பில் கார் எடுத்து நாமே ஓட்டிப் போகும் ஏற்பாடு எனக்குப் பிடித்துப்போயிற்று.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "ஊரான் வண்டி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அப்பா கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத்தில் 1948-லேயே கூட்டுறவுச் சங்கம் வைத்துப் பொதுவில் கார் வாங்கி, உறுப்பினர்கள் மாற்றி மாற்றி ஓட்டினார்கள் என்று அவரிடம் எடுத்துவிட்டேன். பேப்பரை மடித்து வைத்தார். "சங்கமா? ஆடிட்டெல்லாம் ஒழுங்கா நடந்துதா?" சரி, ஒரு ஓட்டு விழுந்துவிட்டது.

மாமாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். சென்னையிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர். காலை 4 மணிக்கு எடுத்து இரவு 10 மணிக்குள் விட வேண்டும் என்று பதிவு செய்தேன். வண்டி பக்கத்துத் தெரு வணிக வளாகத்தின் பேஸ்மென்ட்டில் நின்றது. கிளப்பும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் எவனோ போட்ட கீறலுக்கு நாம் மொய் எழுத வேண்டியிருக்கும். டார்ச் அடித்துக் குனிந்து குனிந்து எடுத்துக்கொண்டிருந்தேன். "யாருப்பா அது, டயருகிட்ட?" என்று வாட்ச்மேன் ஓடி வந்தார். ஏற்றிய 11 படங்களில் ஒன்றில் அவர் கால் இருக்கிறது.

வீட்டு வாசலில் அம்மா முதலில் பார்த்தது நம்பர் பிளேட்டைத்தான். கறுப்பில் மஞ்சள் எழுத்து. நாமே ஓட்டும் வாடகை வண்டிக்கு அதுதான் அடையாளம்; டாக்சி என்றால் மஞ்சளில் கறுப்பு.

"மண்டபத்துல பின்பக்கம் தெரியாம சுவரை ஒட்டி நிறுத்திடு."

"முன்னாடியும் பிளேட் இருக்கும்மா."

"முன்னாடி செடி இருக்கிற இடமாப் பாரு."

சொல்லிவிட்டு, பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். கண்ணாடியில் குங்குமம், டாஷ்போர்டில் பிள்ளையார். ஊரான் வண்டி என்றீர்களே என்று கேட்டேன். "வண்டிதான்டா ஊரானோடது. உள்ள உட்காரப் போறது நாம."

திருக்கடையூரில் சுவரும் செடியும் ஒருசேர அமைந்த இடம் கிடைக்கவில்லை. நல்லவேளை, எந்தச் சொந்தக்காரருக்கும் பிளேட் நிறத்தின் அர்த்தம் தெரியவில்லை. பெரியத்தை மட்டும் வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "புதுசா?" என்றார்.

"ஆமா அண்ணி, இப்பதான் எடுத்தோம்" என்றார் அம்மா.

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. காலை 4 மணிக்குத்தானே எடுத்தோம்!

திரும்பும்போது 9:52-க்கு பேஸ்மென்ட்டுக்குள் நுழைந்துவிட்டேன். ஆனால் பயணத்தை ஆப்பில் முடித்தால்தான் கணக்கு முடியும். கீழே சிக்னல் இல்லை. சரிவுப் பாதையில் மேலே ஓடினேன், "வண்டியின் அருகில் வரவும்" என்றது. கீழே ஓடினேன், "இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்" என்றது. மாமா வீட்டு விருந்து வயிற்றோடு மூன்று தடவை ஏறி இறங்கிய பிறகு, அதே வாட்ச்மேன் நாற்காலியில் இருந்தபடியே குரல் கொடுத்தார். "மூணாவது தூண் பக்கம் நில்லுங்க சார். எல்லாரும் அங்கதான் நிப்பாங்க." காலையிலேயே சொல்லியிருக்கலாம். நான் தூணைக் கட்டிப்பிடித்தபோது மணி 10:04.

தாமதக் கட்டணம் அன்றிரவே பிடித்தார்கள். இரண்டு நாள் கழித்துக் குங்குமக் கறைக்குத் துப்புரவுக் கட்டணம். ரசீதை வாங்கிப் பார்த்த அப்பா, "சங்கமா இருந்தா பொதுக்குழுவுல கேட்டிருக்கலாம்" என்றார்.

போன வாரம் ஒரு வளைகாப்புக்காக மறுபடி கார் எடுத்தேன். இந்த முறை சிவப்பு. அம்மா எலுமிச்சம்பழத்தோடு இறங்கி வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நம்ம வெள்ளை வண்டி எங்கடா? வித்துட்டியா?"