எர்த் வயரும் எதிர்சேவை வீடியோவும்

எங்கள் வீட்டு மாடி கம்ப்யூட்டரில் நெட் காலையில் போகாது, மத்தியானம் போகாது, சாயந்திரம் காபி குடித்துவிட்டு நான் வேலைக்கு உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில்தான் போகும். போகும் என்றால் ஒழுங்காகவும் போய்த்தொலையாது. மூலையில் வைஃபை குறி கம்பீரமாக நிற்கும், பக்கம் மட்டும் திறக்காது, நாலு தடவை தட்டினால் பாதி திறக்கும், மீதிப் பாதியை அதுவே யோசித்துக்கொண்டிருக்கும். சரி, போன் ஹாட்ஸ்பாட்டையாவது போடலாம் என்றால், பள்ளிக்கூடம் லீவு விட்ட நாளிலிருந்து என் போன் டேட்டாவை மத்தியானத்துக்குள் மகன் காலி செய்து வைத்திருப்பான்.

நான் வீட்டிலிருந்தே சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். மாசாமாசம் 20ஆம் தேதிக்குள் 3பி ரிட்டர்ன், அதாவது அந்த மாச விற்பனை, வரிக் கணக்கு, போட்டாக வேண்டும், தவறினால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் தண்டம், வியாபாரமே நடக்காத கடை என்றாலும் 20 ரூபாய். எல்லாம் நிரப்பி முடித்ததும் கடைசியில் ஒரு ஓடிபி வரும். அது என் போனுக்கு வராது, கடைக்காரர் போனுக்குப் போகும். கீழமாசி வீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், வியாபார நேரத்தில் போனை எடுப்பதே பெரிய விஷயம். எடுத்து, கண்ணாடியைத் தேடி மாட்டி, நடுவில் ஒருவருக்குத் துவரம்பருப்பு விலையையும் சொல்லி, ஆறு எண்ணையும் வாசித்து முடிப்பார், இங்கே திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். "இன்னொரு தடவை அனுப்புறேன் அண்ணாச்சி" என்பேன். திரும்பத் திரும்ப அனுப்பியதில் அவருக்குச் சந்தேகமே வந்துவிட்டது. "ஏம்மா, ஓடிபிய யாருக்கும் சொல்லாதீங்கன்னு டிவியில சொல்றானே, அது உன்னையத்தானா?" என்று கேட்டார்.

இது ஆரம்பித்தது சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு. "அழகர் மலைக்குத் திரும்புனாரு, நெட்டும் அவரு பின்னாலேயே போயிருச்சு" என்றார் அத்தை. கேட்டுச் சிரித்தோம். பின்னால் யோசித்துப் பார்த்தால் வீட்டில் எல்லாரும் சொன்னதில் அதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

முதலில் கம்பெனிக்கு போன் செய்தேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, எல்லாக் கம்பெனியிலும் அந்தப் பெண் ஒரே பெண்தான். "மோடத்துல சிவப்பு லைட் எரியுதாங்க மேம்?" எரியவில்லை. "அப்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க மேம், கம்ப்யூட்டரையும் ஆஃப் பண்ணிருங்க." செய்தேன். வந்துவிட்டது! நன்றி சொல்லி வைத்தேன். மறுநாள் சாயந்திரம் மறுபடி போய்விட்டது.

அப்புறம் ஒரு தம்பி நேரில் வந்தார், காலை பத்து மணிக்கு. ரூட்டர் கீழே ஹாலில், டிவிக்குப் பக்கத்து ஷோகேஸில் இருக்கிறது. அதற்கு ஒரு முழம் தள்ளி நின்று தன் போனில் வேகம் பார்த்தார். "லைன் பக்காவா இருக்கு மேடம்." மாடிக்கு வந்து பாருங்கள் என்றேன். வந்தார், பார்த்தார், அங்கேயும் ஓடியது, ஏனென்றால் அது காலை. "சிஸ்டத்துல ஏதும் வைரஸ் இருக்கும்" என்று ஆசி வழங்கிவிட்டுக் கிளம்பினார். ரூட்டர் கண்ணாடிக்குள், கொலு பொம்மைகளுக்கும் பளபளக்கும் எவர்சில்வர் அடுக்குக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உலோகத்தில் பட்டால் சிக்னல் திரும்பி ஓடும், ஊடுருவாது. தூசு படும் என்று அத்தை அதற்கு ஒரு பூ வேலைப்பாட்டுத் துணி வேறு போர்த்தியிருந்தார் (துணியால் சிக்னலுக்கு ஒன்றும் ஆகாது, ரூட்டருக்குத்தான் புழுக்கம், அதுவும் மதுரை மே மாசத்தில்). அத்தை தூங்கும் நேரம் பார்த்து ரூட்டரை ஷோகேஸின் தலைமேல் ஏற்றிவைத்தேன். மாடியில் சிக்னல் மைனஸ் 78லிருந்து மைனஸ் 71க்கு வந்தது. இந்த டெசிபல் கணக்கில் பூஜ்யத்தை நோக்கி வர வர நல்லது, பத்துப் புள்ளி ஏறினால் பத்து மடங்கு பலம். நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் இருக்கும்போது இதுவே பெரிய காரியம். அன்றைக்குப் பூராவும் நெட் ஓடியது. மறுநாள் சாயந்திரம் போய்விட்டது.

மகனுக்கு எட்டாம் வகுப்பு, வீட்டில் நெட் விஷயத்தில் அவன்தான் வக்கீல், டாக்டர் எல்லாம். போனில் ஒரு ஆப்பைப் போட்டுத் தெருவில் யார் யார் வைஃபை எந்தச் சேனலில், அதாவது எந்த அலைவரிசைத் துண்டில், இருக்கிறது என்று காட்டினான். 2.4 கிகாஹெர்ட்ஸில் நம் ஊரில் 13 சேனல் இருந்தாலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருக்க 1, 6, 11 என்று மூன்றுதான் தேறும். எங்கள் தெருவே 6இல் குடியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் வைஃபைக்கு 'பாஸ்வேர்ட் கேட்காதே' என்று பேர் வைத்திருக்கிறார், அதுவும் அந்தப் பேர் வைத்த நாளிலிருந்து எங்களோடு பேச்சைக் குறைத்துக்கொண்டவர். அது தனிக் கதை. எங்களுடையதை 11க்கு மாற்றினோம், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டோம், வந்துவிட்டது. மறுநாள்... சரி, அதைச் சொல்ல வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரர் ஓசூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். மற்ற நாளில் எல்லா வைத்தியமும் போன் வழியாகத்தான். "டிரைவர் அப்டேட் பண்ணியா?" என்றார். அதற்கு நெட் வேண்டுமே என்றேன். "பவர் சேவிங்ல டிக் இருக்கும் பாரு, கரண்டை மிச்சம் பண்றேன்னு விண்டோஸே வைஃபையைத் தூங்க வெச்சிரும், அதை எடு." எடுத்தேன். அது நல்ல யோசனைதான், நிறைய பேருக்குக் கேட்கும். எங்களுக்கும் அன்றைக்குக் கேட்டது.

கடைசியாக மாமா. மின்வாரியத்தில் வாழ்நாளைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவர். கம்பியே இல்லாத விஷயத்தையும் கம்பியை வைத்துத்தான் யோசிப்பார். "ஏம்மா, சாயந்திரம் மட்டும்தானே போகுது? அப்ப லோடு. எல்லா வீட்லயும் ஏசி போடுற நேரம், வோல்டேஜ் இறங்கும்." மீட்டரை வைத்தார், 230க்கு ஒன்றிரண்டு முன்னே பின்னே காட்டியது. "அப்ப எர்த்." டெஸ்டர், திருப்புளி, கட்டிங் பிளேயர் எல்லாம் மாடி ஏறின. அத்தை கீழிருந்து, "ஏங்க, பிள்ளைக்கு 20ஆம் தேதி வருதுங்க, உசுரோட இருக்குறதையும் கழட்டிராதீங்க" என்று குரல் கொடுத்தார்.

மாமாவிடம் ஒரு ஒழுங்கு உண்டு. மெயினை அணைக்கும் முன் தன் ஹார்டு டிஸ்க்கை முறைப்படி கழற்றிவிடுவார். திருவிழாவில் மூன்றுமாவடியில் அழகரை ஊர்கூடி வரவேற்கும் எதிர்சேவையிலிருந்து வைகையில் அழகர் இறங்கியது வரை போனில் எடுத்துத் தள்ளியதில் போன் நிறைந்து மூச்சுமுட்ட, என் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்த 2 டெராபைட் டிஸ்க் அது. சாயந்திரம் காபி ஆனதும் மேலே வந்து சிபியு பின்னால் அதைச் சொருகி, போனையும் சொருகி, "நீ பாட்டுக்கு வேலையப் பாரும்மா, இது பாட்டுக்கு ஏறிக்கிட்டு இருக்கும்" என்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். எர்த்தில் கைவைக்கும் முன்பும் அதைப் பாதுகாப்பாக வெளியே எடுத்து, உறையில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் திருப்புளியைத் தொட்டார். பிளக் பாயின்ட்டைத் திறந்து எர்த் வயரை முறுக்கி மாட்டி மெயினைப் போட்டால், நெட் ஜம்மென்று ஓடியது. "பாத்தியா?" என்றார். அந்த ஒரு 'பாத்தியா'வுக்குள் அவருடைய மொத்த சர்வீஸும் இருந்தது.

மறுநாள் மறுபடி போனதும் அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் திரையைக் காட்டி, "உன் நெட்டுதாம்மா போச்சு, என் காப்பி பாரு, சும்மா பிச்சுக்கிட்டு ஓடுது" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்த வாக்கியத்தை அப்போது சரியாகக் கேட்கவில்லை. மவுஸும் அன்றைக்குத் திக்கித் திக்கி நகர்ந்தது, வயர் இல்லாத மவுஸ், செல் தீர்ந்திருக்கும் என்று மாற்றினோம்.

அதற்கப்புறம்தான் மகன் சொன்னபடி கம்ப்யூட்டர் திரையில் இரண்டு கறுப்பு ஜன்னலைத் திறந்து பிங் ஓடவிட்டேன், 'இருக்கிறாயா' என்று கேட்டுக்கொண்டே இருக்கும் சோதனை அது. ஒன்று 192.168.1.1க்கு, அதாவது எங்கள் ரூட்டருக்கு. இன்னொன்று 8.8.8.8க்கு, அது கூகுளுடைய சர்வர். நெட் போகும்போது ரூட்டர் பதில் சொல்லி வெளியே மட்டும் சொல்லவில்லை என்றால் கம்பெனியைத் திட்டலாம். இரண்டும் சேர்ந்து வாயை மூடினால் கோளாறு வீட்டுக்குள்தான். வேறு எதைச் செய்வதற்கும் முன்னால் செய்ய வேண்டிய சோதனை இது, ஆனால் யாரும் முதலில் செய்வதில்லை. ஷோகேஸ் மேல் ஏறுவதில்தான் எல்லாருக்கும் ஆர்வம். ஐந்து மணி வாக்கில் இரண்டு ஜன்னலும் ஒரே சமயத்தில் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வரிசை கட்டின.

வீட்டுக்குள் என்றால் எது? மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ அதே 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்யும், அது கசிந்தால் வைஃபை தடுமாறும் என்று மகன் சொன்னான். எங்களிடம் மைக்ரோவேவ் இல்லை. "வாங்கித்தரச் சொல்லி எத்தன வருசம் கேட்டேன், இப்ப அதும்மேல பழி போடக்கூட வீட்ல இல்ல" என்றார் அத்தை.

அந்த வாரம் மாமா ஒரு கல்யாணத்துக்காக விருதுநகர் போனார். சாயந்திரம் ஐந்தானது, ஆறானது, ஏழும் ஆனது. நெட் ஒரு துளி அசையவில்லை. அண்ணாச்சியின் ஓடிபி முதல் தடவையிலேயே ஏறியது. அத்தை படியில் நின்று, "அவரு இல்லன்னா வீடே நிம்மதியா இருக்குன்னு நான் சொன்னா நம்புறீங்களா?" என்றார். ஆள் திரும்பி வந்து, காபி குடித்து, மேலே ஏறி, டிஸ்க்கைச் சொருகினார். இரண்டு ஜன்னலும் நின்றன. "மாமா, அதைக் கொஞ்சம் கழட்டுங்க." கழற்றினார், ஓடியது. "சொருகுங்க." நின்றது. "கழட்டுங்க." அதற்குள் மகன் ஓடிவந்து தரையில் படுத்து சிபியு பின்னால் எட்டிப் பார்த்தான். கம்ப்யூட்டருக்கு வைஃபையைப் பிடித்துக் கொடுக்கும், நகம் அளவு இருக்கும் எங்கள் வைஃபை டாங்கிள் ஒரு ஓட்டையில், அதை ஒட்டினாற்போல் இருந்த நீல நிற ஓட்டையில் ஹார்டு டிஸ்க்.

நீல நிறம் என்றால் பெரும்பாலும் யூஎஸ்பி 3.0, நொடிக்கு 5 கிகாபிட் வேகம். அந்த வேகத்தில் தகவல் ஓடும்போது வயரிலிருந்தும் சொருகும் இடத்திலிருந்தும் ரேடியோ இரைச்சல் கசியும், அது நேராக 2.4 கிகாஹெர்ட்ஸ் மேலேயும் போய் விழும். நான் சொல்லவில்லை, இன்டெல்லே 2012இல் அளந்து பார்த்து எழுதி வெளியிட்டிருக்கிறது, வயர்லெஸ் மவுஸ் தடுமாறுவது உட்பட. செல்லுக்குப் போட்ட காசு போனது போனதுதான். தளத்தைத் துளைத்துத் தேய்ந்து வருகிற சிக்னலுக்கு கல்யாண வீட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று குசுகுசுவென்று பேசுகிறவரின் கதிதான். 5 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளாக இருந்தால் இந்த இரைச்சல் எட்டாது, ஆனால் அது எங்கள் தளத்தைத் தாண்டி வருவதே சந்தேகம், தவிர எங்களுடையது பழசு, 2.4 மட்டும்தான் தெரியும். ஆக, அத்தனை பேர் வைத்தியமும் ஏன் ஒரு நாள் பலித்தது என்பதும் விளங்கிவிட்டது. யார் என்ன செய்வதானாலும் முதலில் கம்ப்யூட்டரை அணைக்க வேண்டும், அணைப்பதென்றால் மாமா டிஸ்க்கைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுவார், அதற்கப்புறம் எர்த்தை முறுக்கினாலும் நெட் வரும், தேங்காய் உடைத்தாலும் வரும்.

இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். கேட்டதும் அவர் முகம் பிரகாசமாகிவிட்டது. "ஹைடென்ஷன் கரண்டு லைனுக்கு அடியில ரேடியோ வெச்சா கொர்ருன்னு கத்தும்ல, அதான் இது! இத முதல்லயே சொல்ல வேண்டியதுதானே?" என்று என்னையே கேட்டார். யாரிடம் யார் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் விவாதிக்கவில்லை, கணக்கு இன்னும் நாலு கடைக்கு பாக்கி இருந்தது.

ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி, டாங்கிளைப் பின்பக்கத்திலிருந்து பிடுங்கி, ஜன்னல் கம்பியில் நூலால் கட்டித் தொங்கவிட்டோம். சிக்னல் இன்னும் கொஞ்சம் ஏறியது, எதிர்சேவையும் 3பியும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஆனால் மாமாவுக்கு இது போதவில்லை. வயர்லெஸ்ஸே தப்பு, கீழிருந்து மாடிக்கு லேன் கேபிள் இழுத்தால்தான் நிரந்தரம் என்கிறார், அதில் எனக்கும் மறுப்பில்லை. தளத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் போட்ட ஓட்டை ஓரமாக வழி இருக்கிறதாம், பைப்பும் கிளிப்பும் பரணில் எப்போதோ எடுத்துவைத்தது இருக்கிறதாம். ஹால் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டார். பொங்கலுக்குத்தான் பெயிண்ட் அடித்தது என்று அத்தை கோட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.