கோட்டைக்குள்ள ரூம் போடலாமா? ரோட்ஸ் ஓல்ட் டவுன்ல ஒரு சின்ன பென்ஷன்ல தங்கினது

கிரீஸ்ல இருக்கற ரோட்ஸ் தீவுக்குப் போறேன்னு சொன்னா கூட வேலை பாக்கறவங்க முக்காவாசி பேர் சொல்றது ஒண்ணுதான், ஃபலிராக்கி பக்கமோ இக்ஸியா பக்கமோ பீச் ரிசார்ட் போடு, சாப்பாடு எல்லாம் சேர்த்தே வரும், கோட்டைக்குள்ள இருக்கற ஓல்ட் டவுனை ஒரு நாள் பஸ்ல வந்து பாத்துட்டு போயிடலாம்னு. நான் அப்படிப் பண்ணல. மதில் சுவருக்கு உள்ளயே, சந்துக்குள்ள சந்துன்னு போய் ஒரு பழைய கல்வீட்டுல, அங்க பென்ஷன்னு சொல்ற சின்ன விடுதியில, ரூம் எடுத்தேன். மே மாசக் கடைசி, ராத்திரிக்கு 55 யூரோ, காலை டிஃபனோட. இதே ரூம் ஆகஸ்ட்ல கிட்டத்தட்ட டபுள்னு வீட்டுக்கார அம்மாவே சொன்னாங்க. குளிர்காலத்துல இந்த மாதிரி சின்ன இடங்கள் நிறைய மூடியே கிடக்கும், அதனால நவம்பர்ல போறவங்க முதல்ல கேட்டுக்கங்க.

போய்ச் சேர்றதுலேர்ந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா அதுலயே பாதி பேருக்கு வெறுத்துடும். ஏர்போர்ட் பஸ் ஊருக்குள்ள மந்த்ராக்கி துறைமுகம் பக்கத்துல, நியூ மார்க்கெட்கிட்ட இறக்கி விடும். அங்கேர்ந்து எலெஃப்தெரியாஸ் கேட் வழியா கோட்டைக்குள்ள நடந்தே போயிடலாம், தூரம் ஒண்ணும் இல்ல. ஆனா உள்ள தரை பூரா கடல் கூழாங்கல், அதையும் படுக்க வைக்காம நெட்டுக்குத்தா நட்டு வச்சிருக்காங்க. சக்கரம் வச்ச சூட்கேஸ் இழுத்தா அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேக்குது, ஜன்னல்ல ஒரு பாட்டி எட்டிப் பாத்து முறைச்சுட்டு உள்ள போயிட்டாங்க. வெளியாள் காரை உள்ள விட மாட்டாங்க, உள்ளூர்க்காரங்க வண்டியும் சின்ன டெலிவரி வண்டியும்தான் ஓடும், டாக்ஸி கேட்லயே இறக்கி விட்டுடும். மேப் ஆப்பும் இந்தச் சந்துல ரெண்டு மதிலுக்கு நடுவுல மாட்டி சுத்திக்கிட்டே இருக்கும், நீல புள்ளி பக்கத்துத் தெருவுல போய் உக்காந்துக்கும். நான் போன் பண்ணினதும் வீட்டுக்கார அம்மா, அங்கயே நில்லு, எந்தப் பூனை பக்கத்துல நிக்குதுன்னு சொல்லுன்னாங்க. விளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன், சொன்னதும் நிஜமாவே கண்டுபிடிச்சு வந்துட்டாங்க.

வெளியிலேர்ந்து பாத்தா அது ஹோட்டல்னே தெரியாது. குனிஞ்சு போற மாதிரி ஒரு மரக் கதவு, தாண்டினா நடுவுல முத்தம், ஒரு எலுமிச்சை மரம், சுவரெல்லாம் காகிதப்பூ, மேல போக கல்படிக்கட்டு. அந்தம்மாவுக்கு எழுபது வயசு இருக்கும், ஜில்லுனு ஒரு கிளாஸ் தண்ணியும், சின்ன தட்டுல செர்ரி பாகும் ஒரு ஸ்பூனும் கொண்டு வந்து வச்சாங்க, அதுக்கப்புறம்தான் பாஸ்போர்ட் கேட்டாங்க. கூடவே ரூமுக்கு ராத்திரிக்கு 2 யூரோ தனியா கட்டணும், அரசாங்கம் போட்ட கிளைமேட் வரி அது, சின்ன ஹோட்டலுக்கு சீசன்ல இவ்ளோ, பெரிய ஸ்டார் ஹோட்டலுக்கு இன்னும் ஜாஸ்தி. புக் பண்றப்ப காட்டற விலையில அது பல தடவை சேர்ந்திருக்காது, சில்லறையா கையில வச்சுக்கிறது நல்லது.

ரூம் பத்தி நேர்மையா சொல்லணும்னா, இருட்டு. சுவர் முழங்கை நீளத்துக்கு மேல தடிமன், ஜன்னல் ஒண்ணே ஒண்ணு, அதுவும் முத்தத்தைப் பாத்து. வெளியில வெயில் கொளுத்தறப்ப உள்ள வந்தா அப்படி ஒரு குளிர்ச்சி, ஏசி போடவே தோணல, ஆனா புத்தகம் படிக்கணும்னா பகல்லயே லைட் போடணும். பாத்ரூம் படிக்கட்டுக்கு அடியில ஏதோ மிச்சம் இருந்த இடத்துல அடைச்சு வச்சது, ஷவர்ல நிமிர்ந்து நின்னா தலை இடிக்கும். வெந்நீருக்கு ஹீட்டர் சுவிட்ச் போட்டுட்டு இருபது நிமிஷம் காத்திருக்கணும், மறக்காம அணைக்கணும், அணைக்கலன்னா அந்தம்மாவுக்கு எப்படியோ தெரிஞ்சுடும். டாய்லெட் பேப்பரை உள்ள போட்டு ஃபிளஷ் பண்ணக் கூடாது, பக்கத்துல இருக்கற கூடையிலதான் போடணும், இது இந்த வீட்டுல மட்டும் இல்ல கிரீஸ்ல நிறைய இடத்துல அப்படித்தான், குழாய் எல்லாம் குறுகலானது. முதல் தடவை வர்றவங்களுக்கு இது ஒரு மாதிரியா இருக்கும், அப்புறம் பழகிடும். வைஃபை முத்தத்துல நல்லா வரும், ரூமுக்குள்ள அந்தக் கல்லைத் தாண்டி வரவே வராது.

லிஃப்ட் வைக்கக் கூடாதா, ஜன்னலைக் கொஞ்சம் பெருசாக்கக் கூடாதான்னு கேட்டேன். அந்தம்மா ரெண்டு கையையும் மேல தூக்கி காட்டினாங்க. 1988லேர்ந்து ஓல்ட் டவுன் முழுக்க யுனெஸ்கோ லிஸ்ட்ல இருக்கு, அதுக்கு முன்னாடியே தொல்லியல் துறை சட்டம் வேற, ஒரு ஜன்னல் ஃப்ரேம் மாத்தணும்னாலும் பேப்பர், தரையைத் தோண்டணும்னா கேக்கவே வேண்டாம். இந்த ஊரே கி.மு. 408ல கட்டம் கட்டமா திட்டம் போட்டு கட்டினது, அதுக்கு மேல பைசாந்தியம், அதுக்கு மேல நைட்ஸ் (செயின்ட் ஜான் சபையோட கிறிஸ்தவப் போர்வீரர்கள்), அதுக்கு மேல துருக்கியர்னு அடுக்கடுக்கா உக்காந்திருக்கு, எங்க கடப்பாரை போட்டாலும் ஏதாவது ஒரு காலம் வெளிய வந்துடும். ஸோ அந்த தலை இடிக்கற ஷவருக்கு அந்தம்மாவைக் குத்தம் சொல்றதுல அர்த்தமே இல்ல. சந்துக்குக் குறுக்க ரெண்டு பக்க வீட்டையும் தாங்கிப் புடிச்ச மாதிரி கல் வளைவு வளைவா இருக்கும், போட்டோவுக்கு அழகா இருக்கேன்னு எல்லாரும் எடுக்கறாங்க, அது நிலநடுக்கத்துல வீடு சாயாம இருக்க முட்டுக் குடுத்தது. என் ரூம் சுவரும் அப்படி ஒரு வளைவை நம்பித்தான் நிக்குது.

காலையில ஒன்பது பத்து மணிக்கெல்லாம் கப்பல் கும்பல் வந்துடும். குரூஸ் கப்பல் எல்லாம் மதிலுக்கு நேர் முன்னாடியே வந்து நிக்கறதால இறங்கி நடந்தே உள்ள வந்துடறாங்க, கொடி புடிச்ச கைடு பின்னாடி நாற்பது பேர், சொக்ராட்டூஸ் தெருவுல மேல போறதுக்கும் கீழ வர்றதுக்கும் இடமே இருக்காது. அந்தத் தெருவுல இருக்கற கடைக்காரங்க கூப்பிடற கூப்பிடுக்கு நம்ம காது வலிக்கும். நான் அந்த நேரத்துல வெளிய சுத்தறதையே விட்டுட்டேன். காலையில ஏழு மணிக்கு ஒரு சுத்து, அப்புறம் முத்தத்துல டிஃபன், ரொட்டி, அவிச்ச முட்டை, தயிர்ல தேன், அந்தம்மா வீட்டு எலுமிச்சை ஜாம். மத்தியானம் மூணுலேர்ந்து அஞ்சரை வரைக்கும் கோடையில சத்தம் போடக் கூடாதுங்கறது சட்டமே, அந்தம்மா அதுல ரொம்ப ஸ்ட்ரிக்ட், படியில செருப்புச் சத்தம் கேட்டாலே தொண்டையைக் கனைப்பாங்க. நானும் நல்லா தூங்கினேன்.

சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு மேல ஊரே மாறிடும், இதுக்காகத்தான் உள்ள தங்கணும்னு சொல்றேன். கப்பல் ஹார்ன் அடிச்சதும் கும்பல் எல்லாம் கேட்டைப் பாத்து வடிஞ்சு போயிடும். இதுல ஒரு வேடிக்கை இருக்கு. 1522ல துருக்கி சுல்தான் சுலைமான் ஆறு மாசம் முற்றுகை போட்டு நைட்ஸ்கிட்டேர்ந்து இந்தக் கோட்டையைப் புடிச்ச பிறகு கிரேக்கக் கிறிஸ்தவங்க யாரும் உள்ள குடியிருக்கக் கூடாதுன்னு ஆயிடுச்சு, துருக்கியரும் யூதர்களும் மட்டும்தான் உள்ள, கிரேக்கர்கள் பகல்ல உள்ள வந்து வேலை பாத்துட்டு, வியாபாரம் பண்ணிட்டு, பொழுது சாயறதுக்குள்ள கேட்டைத் தாண்டி வெளிய போயிடணும். மதிலுக்கு வெளியில இருக்கற பழைய கிரேக்கப் பேட்டைகள் எல்லாம் அப்படி வந்ததுதான். இப்ப அதே நேரத்துக்கு, அதே கேட் வழியா, டூரிஸ்ட் எல்லாம் வெளிய போறாங்க, உள்ள அந்தம்மா நாற்காலியைத் தெருவுல போட்டு பக்கத்து வீட்டுக்காரியோட உக்காந்து பயறு உடைக்கறாங்க.

ராத்திரி பத்து மணிக்கு மேல நைட்ஸ் தெருவுல நடந்து பாருங்க. பகல்ல அங்க செல்ஃபி ஸ்டிக் காடு. ராத்திரி ஒரு ஆள் இருக்க மாட்டாங்க, விளக்கு வெளிச்சத்துல ஒவ்வொரு வாசலுக்கு மேலயும் பளிங்குல செதுக்கின குலச் சின்னம் தெரியும். பிரான்ஸ், ப்ரோவான்ஸ், ஸ்பெயின், இத்தாலின்னு ஒவ்வொரு மொழிக்காரங்களுக்கும் தனித்தனி விடுதி வச்சிருந்தாங்க, 1309லேர்ந்து இருநூறு வருஷத்துக்கு மேல அவங்க ஆட்சிதான். மேல ஏறினா நைட்ஸ் தலைவரான கிராண்ட் மாஸ்டரோட அரண்மனை. சினிமா செட் மாதிரி இருக்கேன்னு தோணுச்சுன்னா உங்க கண்ணுல தப்பு இல்ல, 1856ல பக்கத்துல இருந்த வெடிமருந்து வெடிச்சு பழைய அரண்மனை பெருசா சேதமாயிடுச்சு, இப்ப நாம பாக்கறது 1930கள் கடைசியில இத்தாலிக்காரங்க திரும்பக் கட்டினது, இத்தாலி ராஜாவும் முசோலினியும் வந்து தங்கணும்னு. தரையில இருக்கற மொசைக் எல்லாம் கோஸ் தீவுலேர்ந்து பேத்து எடுத்துட்டு வந்தது. எனக்கு அதைவிட கீழ இருக்கற நைட்ஸ் ஆஸ்பத்திரிதான் புடிச்சுது, 15ஆம் நூற்றாண்டு கட்டடம், இப்ப தொல்லியல் மியூசியம், டைம் கம்மியா இருந்தா அரண்மனையை விட்டுட்டு இதைப் பாருங்க.

என் பென்ஷன் இருந்தது கிழக்குப் பக்கம், பழைய யூதர் பேட்டைக்கு ஒட்டினாப்ல. கடல்குதிரை வச்ச நீரூற்று இருக்கற சதுக்கம்னா எல்லாரும் சொல்லுவாங்க, அதைச் சுத்தி இருக்கற காஃபிக் கடையில உக்காந்து ஐஸ் காஃபி குடிக்கறவங்க பாதி பேருக்கு அந்தச் சதுக்கத்துக்குப் பேரு யூதத் தியாகிகள் சதுக்கம்னு தெரியுமான்னு தெரியல. 1944 ஜூலைல ஜெர்மன்காரங்க இங்க இருந்த யூதர்களை, 1,600 பேருக்கு மேல, மொத்தமா புடிச்சு கப்பல்ல ஏத்தி ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பினாங்க. திரும்பி உயிரோட இருந்தது சுமார் 150 பேர். துருக்கி தூதரக அதிகாரி செலாஹத்தின் உல்குமென் துருக்கிக் குடியுரிமை இருந்தவங்க, அவங்க குடும்பம்னு சொல்லி வாதாடி நாற்பது பேருக்கு மேல காப்பாத்தினார். சதுக்கத்துல கறுப்புக் கல்லுல நினைவுத்தூண், பல மொழியில எழுதியிருக்கு, அதுல ஒண்ணு இங்க இருந்த யூதர்கள் வீட்டுல பேசின லடினோ, பழைய ஸ்பானிஷ்லேர்ந்து வந்த மொழி. ரெண்டு சந்து தள்ளி 1577ல கட்டின காஹால் ஷாலோம் ஜெபக்கூடம் இன்னும் இருக்கு, கிரீஸ்லயே இப்ப புழக்கத்துல இருக்கறதுல பழசு அதுதான், தரை கறுப்பு வெள்ளை கூழாங்கல் கோலம்.

அதைப் பாத்துட்டு வந்த அன்னிக்கு ராத்திரி அந்தம்மாகிட்ட, இந்த வீட்டுல முன்னாடி யாரு இருந்தாங்கன்னு கேட்டேன். எங்கப்பா யுத்தம் முடிஞ்ச பிறகு வாங்கினார்னு சொன்னாங்க. அதுக்கு முன்னாடி? கொஞ்ச நேரம் எலுமிச்சை மரத்தையே பாத்துட்டு, அப்ப நான் பொறக்கலன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க. மறுநாள் வழக்கம் போலத்தான் பேசினாங்க, நானும் திரும்பக் கேக்கல.

சாப்பாட்டுக்கு வருவோம். சைவக்காரங்க பயப்பட வேண்டாம், ரோட்ஸ்ல பித்தரூதியான்னு ஒண்ணு கிடைக்கும், கொண்டைக்கடலையை அரைச்சு வெங்காயம், தக்காளி, புதினா போட்டு எண்ணெயில பொரிச்சது, நம்ம ஊரு மசால் வடைக்கு சித்தப்பா பையன் மாதிரி இருக்கும், சூடா சாப்பிடணும். சொக்ராட்டூஸ் தெருவுலயும் இப்போக்ராட்டூஸ் சதுக்கத்துலயும் வாசல்ல நின்னு கையைப் புடிச்சு இழுக்கற ஹோட்டல் எல்லாம் தவிர்த்துடுங்க, விலை போடாத மெனுவைக் காட்டி பெரிய கண்ணாடி பூட்ஸ் மாதிரி கிளாஸ்ல பீர் ஊத்திக் குடுத்து பில்லுல தலை சுத்த வைப்பாங்கன்னு பக்கத்து ரூம்காரர் புலம்பினார். உள் சந்துல மெனு போர்டு கையால எழுதியிருக்கற இடமா பாத்துப் போங்க. ஊருக்கு வாங்கிட்டுப் போக மெலெகூனி நல்லது, எள்ளும் தேனும் ஆரஞ்சுத் தோல் வாசனையும் போட்ட வில்லை, அங்க கல்யாணத்துக்குக் குடுக்கறது, சீக்கிரம் கெடாது.

யாருக்கு இது சரிப்படாதுன்னும் சொல்லிடறேன். முட்டி வலி இருக்கறவங்க, கைக்குழந்தை ஸ்ட்ரோலரோட வர்றவங்க, அந்தக் கல்லுல ரொம்பக் கஷ்டம். பீச்தான் முக்கியம்னா வேண்டாம், பீச் இருக்கற லிண்டோஸ் ஊருக்குப் போற பஸ் பக்கத்துலதான் கிளம்புது, ஆனா போய் வரவே நேரம் போயிடும். தூக்கம் லேசா தூங்கறவங்க புக் பண்றதுக்கு முன்னாடி பக்கத்துல பார் இருக்கான்னு மெசேஜ் போட்டுக் கேளுங்க, சில சதுக்கத்துல விடிய விடிய பாட்டு. கூடவே எந்த கேட் கிட்டன்னும் கேளுங்க, அது ரொம்ப முக்கியம், பதினோரு பன்னெண்டு கேட் மாதிரி இருக்கு, தப்பான கேட்ல டாக்ஸி இறக்கி விட்டா பெட்டியோட ஊரையே குறுக்க நடக்கணும். மாடி ரூமா கீழ் ரூமான்னு கேளுங்க, மாடின்னா வெளிச்சம் உண்டு, படியில கைப்பிடி இருக்காது.

அப்புறம் அகழி. மதிலுக்கும் வெளிச் சுவருக்கும் நடுவுல ஆழமா போகுது, எப்பவுமே தண்ணி இல்லாத அகழி, இப்ப புல்லு வளர்ந்து பார்க் மாதிரி இருக்கு, டிக்கெட் கிடையாது. கீழ அங்கங்க முற்றுகை நேரத்துக் கல் குண்டுகளைக் குவிச்சு வச்சிருக்காங்க, ஒண்ணு ரெண்டு என்னால அசைக்கக்கூட முடியல. டூர் குரூப் அங்க இறங்கறது கம்மி. காலையில எட்டு மணிக்குள்ள இறங்கிடுங்க, தண்ணி பாட்டில் மேலயே வாங்கிக்கங்க, கீழ கடை ஒண்ணும் இல்ல.