அரை கிலோமீட்டர் நிலத்துக்காக

சென்னையில் மேம்பாலத்தில் ஓடும் பறக்கும் ரயிலை வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு நீட்டிக்க வேண்டிய தூரம் வெறும் 5 கிலோமீட்டர். 2008-ல் வேலையை ஆரம்பித்தபோது மதிப்பீடு 495 கோடி ரூபாய், பின்னாளில் அது 734 கோடியானது, அதில் மூன்றில் இரண்டு பங்கு மாநில அரசுடையது, மீதி ரயில்வேயுடையது, எந்தக் கணக்கில் எழுதினாலும் நம் வரிப்பணம்தான்.

நாலரை கிலோமீட்டருக்குத் தூண், பாலம் எல்லாம் எழுந்துவிட்டது, ஆதம்பாக்கம் பக்கம் கடைசி அரை கிலோமீட்டர்தான் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இழப்பீடு போதாதென்று நிலத்துக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், இடத்தை விட்டுக்கொடுப்பவர் நியாயமான விலை கேட்கத்தான் செய்வார். நிலம் முழுசாகக் கைக்கு வருமுன்னே தூண் எழுப்பக் கிளம்பினார்களே, அவர்களைத்தான் கேட்க வேண்டும். புழுதிவாக்கம் ஸ்டேஷன் ரயிலே வராமல் வருஷக்கணக்கில் நின்றது, கீழே உள்வட்டச் சாலையில் ஜனங்கள் வெயிலில் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். சிமென்ட், கம்பி, கூலி எதுவும் நமக்காகக் காத்திருக்காது, ஏறிக்கொண்டேதான் போகும்.

சரி, இனி எந்தத் திட்டமானாலும் டெண்டர் விடும்முன் எவ்வளவு நிலம் கையில் இருக்கிறது, எவ்வளவு வழக்கில் இருக்கிறது என்பதை மக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள்.